அத்திக்கன்று வாங்கும் முன்: பெயரை விடுங்கள், கண்ணையும் கொம்பையும் பாருங்கள்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 15 அடிக்கு 12 அடி இடம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு, உலர்பழத்துக்கு ஏற்ற உயர்ந்த ரகம் என்று சொல்லிக் கொடுத்த ஓர் அத்திக்கன்றை அங்கே நட்டோம். எட்டடி வளர்ந்து நன்றாகத் தழைத்திருக்கிறது. பிஞ்சும் பிடிக்கிறது. ஆனால் நெல்லிக்காய் அளவு வந்ததும் மஞ்சளாகி, ஒன்றுவிடாமல் உதிர்ந்துவிடுகிறது. இரண்டு வருடமாக ஒரு பழம்கூடக் கைக்கு வரவில்லை. உரத்தை மாற்றினோம், மருந்தும் அடித்தோம். மரத்தை வெட்டிவிட்டு வேறு ரகம் வைக்க நினைக்கிறோம். நாற்றுப் பண்ணையில் பிரவுன் டர்க்கி, பிளாக் மிஷன், கடோட்டா, செலஸ்ட், வயலெட் த போர்தோ, டெசர்ட் கிங், பனாஷே, கலிமிர்னா என்று எட்டுப் பெயர் சொல்கிறார்கள். மாடியில் தொட்டியில் ஒன்று வைக்கவும் ஆசை. எங்கள் பக்கம் உறைபனி கிடையாது, வெயில் அதிகம், மூன்று மாதம் நல்ல மழை. எதை எடுப்பது?

பதில்: முதலில், மரத்தை வெட்டாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதற்கு நோயும் இல்லை, உங்கள் பராமரிப்பில் குறையும் இல்லை. குளவி இல்லாமல் பழுக்காத ரகத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வேரோடிய மூன்று வருட மரத்தை வீணாக்காமல் வேறு ரகமாக மாற்ற வழி உண்டு. அதற்கு முன் ரகங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், அடுத்த கன்றிலும் இதே ஏமாற்றம் வராது.

'அத்தி பூத்தாற் போல' என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைப்பது உண்மையில் உட்புறமாகத் திரும்பிய பூங்கொத்து. நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் அந்தப் பைக்குள் இருக்கின்றன. காம்புக்கு எதிர்ப்பக்கம் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். அதுதான் கண். நீங்கள் சொன்ன எட்டும் சேர்ந்த சீமை அத்தியில் சில ரகங்களுக்கு அந்தக் கண் வழியாக ஒரு சின்னஞ்சிறு குளவி உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய் நிலைக்கும். ஸ்மிர்னா வகை என்று இவற்றைச் சொல்வார்கள். உலர் அத்திக்குப் பேர்போன துருக்கியின் சாரிலோப் இந்த வகைதான். அதைத்தான் அமெரிக்காவில் கலிமிர்னா என்று பெயரிட்டு விற்கிறார்கள். உங்களிடம் 'உலர்பழத்துக்கு உயர்ந்தது' என்று சொன்னது அந்த வகையில் பொய்யும் இல்லை. குளவி உள்ள நாட்டில் அது உயர்ந்த ரகம்தான்.

கலிபோர்னியாக்காரர்களுக்கும் இதே கதை நடந்தது. 1880-களில் ஸ்மிர்னா குச்சிகளை வரவழைத்து நட்டார்கள். மரம் செழித்தது, காய் உதிர்ந்தது. தவறான குச்சியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். 1899-இல் குளவியையும், அது குடியிருக்கும் ஆண் அத்தியையும் அங்கே நிலைபெறச் செய்த பிறகுதான் காய் பழமானது. ஆண் அத்தி மரமும் குளவியும் இல்லாத இடத்தில் எந்த உரமும் அந்த வேலையைச் செய்யாது.

இது உங்கள் மரத்துக்கும் பொருந்துகிறதா என்பதை நீங்களே உறுதிசெய்யலாம். அடுத்த முறை உதிரும்போது இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, உதிர்ந்த காயைக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே சாறில்லாமல் வெற்றிடமாக, வெளிறிய நார் போல இருந்தால் மகரந்தம் சேராத காய். இரண்டு, அது எந்தக் கொம்பில் இருந்தது என்று பாருங்கள். இந்த வருடம் துளிர்த்த பச்சைக் கொம்பு, போன வருடத்துச் சாம்பல் நிறக் கொம்பு இரண்டிலும் உதிர்ந்தால் ஸ்மிர்னா வகை. பழைய கொம்பில் வந்தவை பழுத்து, புதுக் கொம்பில் வந்தவை மட்டும் உதிர்ந்தால் அது சான் பெட்ரோ வகை. முதல் காய்ப்புக்கு அதற்குக் குளவி வேண்டாம், இரண்டாவதற்கு வேண்டும். சில காய் உதிர்ந்து சில காய் நின்றால் ரகத்தில் பிழையில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு, இலை நோய், மரம் இன்னும் இளசாக இருப்பது என்று வேறு காரணம் தேட வேண்டும். 'ஒன்றுவிடாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் என்னை ஸ்மிர்னா பக்கம் தள்ளுகிறது.

பக்கத்தில் நாட்டு அத்தி நிற்கிறது, அதன் குளவி உதவாதா என்று பலர் கேட்பதுண்டு. உதவாது. நாட்டு அத்திக்கு அதற்கென்றே ஒரு குளவி, சீமை அத்திக்கு வேறு குளவி. ஒன்றின் வீட்டில் மற்றொன்றுக்கு வேலை இல்லை. 'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் பூச்சி' என்ற பழமொழி நாட்டு அத்தியைப் பற்றியது. குளவி தேவைப்படாத சீமை அத்தி ரகத்தை வீட்டில் வளர்த்தால் அந்தக் கவலை வேண்டாம். அது குளவியே இல்லாத இடத்திலும் தானாகவே பழுக்கும். கன்று வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க இலையைப் பாருங்கள். சீமை அத்தியின் இலை பெரும்பாலும் விரல் விரித்த கை போலப் பிளவுபட்டு, தடவினால் சொரசொரக்கும். நாட்டு அத்தியின் இலை பிளவில்லாமல் நீள்வட்டமாக, வழவழப்பாக இருக்கும்.

ஆக, ரகம் தேர்வதில் முதல் கேள்வி நிறமோ இனிப்போ இல்லை. 'இது குளவி இல்லாமல் பழுக்குமா?' என்பதுதான். உங்கள் எட்டில் கலிமிர்னா இங்கேயே அடிபட்டுப் போகிறது. டெசர்ட் கிங் சான் பெட்ரோ வகை. கோடை குளுமையாக இருக்கும் ஊர்களில் பழைய கொம்பின் முதல் காய்ப்பை நம்பி அதை வளர்ப்பார்கள், அங்கே அது அருமையான மரம். உங்கள் சின்ன இடத்திலோ வருடா வருடம் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தே தீர வேண்டும். செய்தால் காய்க்கிற பழைய கொம்பே போய்விடும், மிச்சமிருப்பது உதிரும். அதையும் விடுங்கள். மற்ற ஆறும் குளவி கேட்காதவை.

இரண்டாவது கேள்வி கண்ணைப் பற்றியது. பழம் முதிரும்போது சில ரகங்களில் கண் அகலத் திறக்கும். மழைநீரும் சிறு வண்டுகளும் பழ ஈக்களும் அதன் வழியே உள்ளே போகும். அவை கொண்டுபோகும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் புளிக்க வைக்கும். கண்ணிலிருந்து நுரைத்த நீர் வடிந்து, புளித்த கள்ளின் வாடை வந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மழைக்காலத்தில் பழுக்கிற மரத்துக்கு மூடிய கண் பெரிய வரம். உங்கள் பட்டியலில் செலஸ்ட்டின் கண் நன்றாக மூடியது. கடோட்டாவில் பழுக்கும்போது தேன் போன்ற ஒரு துளி கண்ணில் வந்து அடைத்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத அல்மாவிலும் அப்படியொரு பிசின் துளி உண்டு; தோல் பார்க்க அழகில்லை என்பதற்காக அதை ஒதுக்குவது அநியாயம். எல்.எஸ்.யு. பர்ப்பிள், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ரகம். ஈரமான பகுதிகளை மனத்தில் வைத்து உருவாக்கியது, எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை, சிறிய தோட்டத்துக்கு அதுதான் உயிர்நாடி: கவாத்து செய்தால் காய்க்குமா? பிளாக் மிஷன் சுவையில் குறை சொல்ல முடியாத பழம், ஆனால் இருபதடிக்கு மேல் வளர்ந்து பரவுகிற மரம். முதிர்ந்த பிறகு கடுமையாக வெட்டினால் காய்ப்பு குறையும். இலையில் வெளிறிய திட்டுகளை உண்டாக்கும் தேமல் வைரஸின் தாக்குதலும் அதில் அதிகம். உங்கள் 15 அடிக்கு 12 அடியில் அதைப் பிடித்து வைக்க முடியாது. செலஸ்ட்டும் கனத்த கவாத்தை விரும்பாது. பிரவுன் டர்க்கி அப்படியில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டினாலும் துளிர்த்து, அந்தப் புதுக் கொம்பிலேயே காய்க்கும். இனிப்பில் அது முதல் வரிசைப் பழம் இல்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. கண்ணும் ஓரளவு திறந்ததுதான். ஆனாலும் சின்ன இடத்தில், ஆள் உயரத்தில் நிறுத்தி, வருடம் தவறாமல் பழம் பறிக்க இதைவிட நம்பகமான ரகம் உங்கள் பட்டியலில் இல்லை. கண்ணின் குறையைப் பருவத்தைக் கொண்டு சரிசெய்யலாம்.

பனாஷே பச்சையும் மஞ்சளும் வரிவரியாக, உள்ளே செக்கச் சிவந்து, பார்த்ததும் ஆசை வரும். பழுக்க நீண்ட, வறண்ட வெயில் காலம் கேட்கும். மூன்று மாத மழை உள்ள இடத்தில் முதல் மரமாக அதை வைக்க வேண்டாம்.

எனவே தரையில் பிரவுன் டர்க்கி, மாடியில் வயலெட் த போர்தோ. போர்தோ இயல்பிலேயே குட்டை மரம். பழம் சிறியது, கறுப்புத் தோல், ஸ்ட்ராபெரி நிறச் சதை, சுவை ஆழமானது. தொட்டியில் இருப்பதால் மழை பிடித்தால் கூரைக்கடியில் இழுத்துவிடலாம். கண்ணைப் பற்றிய கவலை பாதி தீர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. அத்தியில் பெயர்கள் நம்பத்தக்கவை அல்ல. வயலெட் த போர்தோவை நெக்ரோன் என்றும் விற்பார்கள். கடோட்டாதான் இத்தாலியின் தொத்தாத்தோ. பிரவுன் டர்க்கி என்ற ஒரே பெயரில் இரண்டு மூன்று வேறு வேறு ரகங்கள் உலவுகின்றன. ஆகவே பெயர்ச் சீட்டோடு நிற்காமல், 'தாய் மரம் எங்கே, அதில் பழம் பழுத்ததைப் பார்த்திருக்கிறீர்களா, குச்சியிலிருந்து வளர்த்ததா பதியமா?' என்று கேளுங்கள். விதையிலிருந்து முளைத்த கன்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகவே வரும், மீதியும் தாயைப் போல இருக்காது.

இனி உங்கள் மரத்தை மாற்றும் வேலை. முதலில் தண்டிலிருந்து இரண்டடி தள்ளி, அரையடி ஆழம் தோண்டி மெல்லிய வேர்களைப் பாருங்கள். மணி கோத்தது போல முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அப்படியானால் ஒட்டுக் கட்டிப் பயனில்லை. மரத்தை எடுத்துவிட்டு வேறு இடத்தில் அல்லது பெரிய தொட்டியில் புதிதாகத் தொடங்குங்கள். வேர் சுத்தமாக இருந்தால், மரம் இலை உதிர்த்து ஓய்வில் இருக்கும்போது, துளிர்ப்பதற்குச் சற்று முன், தரையிலிருந்து ஒன்றரை அடியில் தண்டை அறுத்துவிடுங்கள். பால் நிறைய வடியும். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள், வடிவது நின்ற பிறகே ஒட்டு. பிரவுன் டர்க்கியின் பென்சில் பருமனுள்ள ஒரு வருடக் குச்சியை இரண்டு மூன்று கணுவோடு எடுத்து, அடியை 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆப்பு வடிவில் ஒரே இழுப்பில் சீவுங்கள். தண்டைப் பிளந்து செருகும்போது குச்சியை நடுவில் வைக்காதீர்கள். குச்சியின் பட்டைக்கு உட்புறப் பச்சை வரியும் தண்டின் பச்சை வரியும் ஒரு பக்கத்திலாவது ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டு பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு தவறுதான் காரணம். தண்டின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு குச்சி செருகி, நாடாவால் இறுகக் கட்டி, வெட்டு முகத்தை மெழுகால் அடைத்து, மேலே பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். நேரடி வெயில் படாமல் நிழல் கொடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் மொட்டு விரியும். விரிந்ததும் பையை மாலையில் கழற்றுங்கள், உச்சி வெயிலில் அல்ல. ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்கள் எல்லாம் பழைய ரகம். அவற்றை வாரம் ஒருமுறை கிள்ளி எறியத் தவறினால் ஓரிரு வருடத்தில் மரம் மறுபடி ஸ்மிர்னாவாகவே நிற்கும்.

ஒட்டுக்குத் துணிவில்லை என்றால் குச்சியை வேர்விட வைப்பது மிக எளிது. ஒரு சாண் நீளக் குச்சியை மேல் கணு மட்டும் தெரியும்படி மணல் கலந்த கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். அதிகத் தண்ணீரால் அழுகுவதுதான் இதில் வழக்கமான தோல்வி. பிசைந்தால் சொட்டாத அளவு ஈரம் போதும்.

தொட்டிக்கு 40 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும், 60 லிட்டர் உத்தமம். நனைந்த மண்ணோடு அது 70 கிலோவைத் தாண்டும். எனவே முதலிலேயே சுமை தாங்கும் சுவரோரம் இடம் பார்த்து, சக்கரப் பலகையில் வையுங்கள். தோட்ட மண் இரண்டு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணலும் தென்னை நார்க் கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, ஓரத்து வேரில் இரண்டு அங்குலம் சுற்றிலும் சீவி, புது மண் வைத்து மறுபடி நட வேண்டும். இதைச் செய்யாத தொட்டி அத்தி நான்காம் வருடத்தில் இலை சிறுத்து, காயை உதிர்க்கும். வெயில் காலத்தில் தினமும் தண்ணீர். ஒரே ஒரு நாள் வாடினாலும் பிஞ்சு விழும்.

தரை மரத்துக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அத்தி வேர் ஆழமில்லாமல் அகலமாக ஓடும், ஈரம் கண்ட இடத்தில் புகும். கழிவுநீர்த் தொட்டியும் குழாயும் பத்தடிக்குள் இருந்தால் வேறு இடம் பாருங்கள். மழைநீர் தேங்கும் இடமாக இருந்தால் தண்டைச் சுற்றி முக்காலடி உயரம் மேடு கட்டி, வடிகால் வெட்டுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் மூடாக்கை நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். நூற்புழுவுக்கு மணற்பாங்கான, மட்கு குறைந்த மண் மிகவும் பிடிக்கும். மூடாக்கும் தொழுவுரமும் அதற்கு எதிரான முதல் காப்பு.

உரம் விஷயத்தில் அளக்க ஒரு நல்ல அளவுகோல் மரத்திலேயே இருக்கிறது. காய்க்கும் மரத்தின் புதுக் கொம்பு வருடத்துக்கு ஓரடி முதல் இரண்டடி நீண்டால் சத்து சரி. ஓரடிக்குக் குறைந்தால் தொழுவுரம் கூட்டுங்கள். இரண்டடியைத் தாண்டி, கணுக்கள் விலகி, இலை பெருத்துக் காயில்லாமல் நின்றால் தழைச்சத்து மிகுந்துவிட்டது, யூரியாவை நிறுத்துங்கள். நீங்கள் 'உரம் மாற்றினோம்' என்று எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

இப்போது பருவம். உறைபனி இல்லாத இடத்தில் மரம் எப்போது பழுக்கும் என்பதைப் பெரும்பாலும் உங்கள் கத்தரிக்கோல்தான் தீர்மானிக்கிறது. கவாத்து செய்து இரண்டு மூன்று வாரத்தில் துளிர், அதன் பின் இலைக் கணுக்களில் பிஞ்சு, பிஞ்சிலிருந்து பழத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை மாதம். மொத்தத்தில் நான்கிலிருந்து ஐந்து மாதம். உங்கள் ஊரில் வானம் வெளுத்துக் காய்ந்திருக்கும் மாதங்களைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணிக் கவாத்து நாளை முடிவுசெய்யுங்கள். திறந்த கண் பிரவுன் டர்க்கி புளிக்காமல் இருக்க இதுவே வழி. வெட்டும்போது நான்கு முதன்மைக் கிளைகளைக் கிண்ணம் போல விரியவிட்டு, நடுவை வெயிலுக்குத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கிளையிலும் போன வருடக் கொம்பை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும்.

மழைக்காலத்தில் வரக்கூடியது இலைத் துரு நோய். இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, அடிப்பக்கம் செங்கல் பொடி போலத் தூள், பிறகு இலையெல்லாம் கொட்டும். இலை போன மரத்தில் காய் இனிக்காது. கொட்டிய இலையை ஒன்றுவிடாமல் அள்ளி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். தண்ணீரை இலை நனையாமல் அடியில் விடுங்கள். மழை தொடங்கும் முன், காய் இல்லாத நிலையில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த 1 சதவீத போர்டோ கலவையை இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிப்பது பலன் தரும். நோய் பரவிய பிறகு அடிப்பது காசுக்குக் கேடு. தண்டின் அடியில் மரத்தூள் கொட்டியிருந்தால் தண்டு துளைப்பான் உள்ளே இருக்கிறது. துளையில் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடையுங்கள்.

காய் பிடித்த பிறகு பதற்றம் தரும் ஒரு கட்டம் உண்டு. பிஞ்சு வேகமாகப் பருத்து, பிறகு ஒரு மாதம்போல அசையாமல் அப்படியே நிற்கும். இது கோளாறு இல்லை, அத்தியின் இயல்பு. அந்த நேரத்தில் உரம் கொட்டுவதும் தண்ணீரை ஏற்றுவதும்தான் கோளாறு. அந்தத் தேக்கம் முடிந்ததும் சில நாட்களில் மளமளவென்று பெருத்து நிறம் மாறும். காய்ந்து கிடந்த மண்ணில் அப்போது திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் தோல் வெடிக்கும்; ஈரத்தை ஏற்ற இறக்கமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தி பறித்த பின் பழுக்காது. மாம்பழம் போல நினைத்துக் காயாகப் பறித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். காம்பின் கழுத்து துவண்டு பழம் தலைகுனிந்து தொங்க வேண்டும், தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், தோலில் மெல்லிய கீறல் ஓட வேண்டும். காம்பில் வெள்ளைப் பால் வடிந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். அந்தப் பால் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். கவாத்துக்கும் பறிப்பதற்கும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் பறிப்பதாக இருந்தால் பழுத்த பிறகு, மாலை நேரத்தில், கையைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லி அனுப்புங்கள்.